சும்மா இருக்கும்போது எரிவது

குவைத்தில் இருக்கும் என்னவருக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு உடம்பு ஏறக்கூடாதென்று நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பிட்டேன். அப்படியும் உடம்பு பெருத்தது. "உக்காந்து திங்கிற உடம்பு" என்றார் உங்கள் அம்மா.

ராமநாதபுரத்தில் டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, உடம்பு எவ்வளவு சாப்பாட்டை எரிக்கிறது என்று மூச்சை வைத்து அளந்தார். "காலுல தசை வத்திட்டா, சும்மா இருக்கையில உடம்பு எரிக்கிறது கொறஞ்சிரும்த்தா. ஒங்க தப்பில்ல. பட்டினி கெடந்தா கைத்தசையும் போயிரும்" என்றார்.

சோற்றைக் குறைத்து, முட்டையும் மீனும் சாப்பிட்டேன். கைகளுக்குப் பயிற்சி செய்தேன். எடை அவ்வளவாக இறங்கவில்லை. கொழுப்பு போய்த் தசை ஏறியிருக்கிறது.

நேற்று சந்தைக்குப் போக, சக்கர நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கு நானே மாறி உட்கார்ந்தேன். உங்கள் அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "ஏத்தா, அபிராமம் சந்தைக்கு நானும் வாரேன்" என்றார்.

கூட்டிப் போனேன். நீங்கள் வந்தால் உங்களையும் கூட்டிப் போவேன்.

உங்கள் வீட்டுக்காரி