சீமெந்து போட்ட குளம்

என் பிரியமுள்ள அக்கா,

நீ கண்மூடியபின் இரண்டாவது மாரி வரப்போகிறது. ஒஸ்லோவில் இலைகள் கொட்டத் தொடங்கிவிட்டன. ஊரில் இன்னும் சில கிழமைகளில் மழை. அதற்குள் ஒரு வேலை நடக்க வேண்டும். நடக்காது போலிருக்கிறது. இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

சின்னம்மாவின் கிணறு உப்பாகிவிட்டது. "தேத்தண்ணியை வாயிலை வைக்கேலாது தம்பி. வெங்காயமெல்லாம் நுனி கருகிப் போச்சு" என்று தொலைபேசியில் சொன்னார். ஊர்க் குளத்தைச் சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளும் அப்படித்தானாம். குளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, பாசி பிடித்து, யாருக்கும் உதவாமல்.

இப்படி ஆகும் என்று நீ அன்றே சொன்னாய். சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், இங்கே ஒஸ்லோவின் ரொம்மனில் நடந்த ஊர்ச்சங்கக் கூட்டத்தில், குளத்தின் அடிக்குச் சீமெந்து போடப் போகிறோம், கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று தலைவர் அறிவித்தார். பல்கலைக்கழகத்தில் நிலத்தடி நீர் படித்த நீ எழும்பினாய்.

"எங்கட ஊரிலை ஆறில்லை, மழை மட்டும்தான். அது குளத்துக்குள்ளாலை சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கினால்தான் கிணத்திலை நல்ல தண்ணி. இறங்காட்டி கீழை கிடக்கிற கடல் தண்ணி மேலை வரும். வண்டலை அள்ளிவிடுங்கோ, அதுவே போதும்."

தலைவர் சிரித்தார். "பிள்ளை, நீ ஐஸுக்குள்ளை வளர்ந்தனி. சேத்துக் குழியைப் படம் எடுத்து ஆருக்குக் காட்டுறது?"

மண்டபமே சிரித்தது. வாக்கெடுப்பில் நானும் சீமெந்துக்குக் கையுயர்த்தினேன். அத்தனை பேர் முன்னால் உன் தம்பியாக இருக்க வெட்கமாக இருந்தது. திரும்பி வரும் ரயிலில், "உனக்கு விளங்கேல்லையோ, இல்லாட்டிப் பயமோ?" என்று மட்டும் கேட்டாய். பயம்தான் அக்கா.

போன ஞாயிறு அதே மண்டபத்தில் நான் எழும்பினேன். சீமெந்தை உடைக்கச் சொல்வோம் என்றேன். ஊரில் சித்தப்பாவும் அயலவர்களும் அலவாங்குக் கம்பிகளோடு தயார். ஆனால் கை வைக்க மாட்டார்கள். குளக்கட்டில் காசு கொடுத்த நம் எல்லோருடைய பெயரும் பொறித்த பளிங்குக் கல் இருக்கிறது. "வெளிநாட்டுப் பிள்ளையள் கட்டித் தந்தது. சொல்லாமல் உடைச்சால் கோவிப்பினம்" என்கிறார் சித்தப்பா. உப்புத் தண்ணீர் குடிப்பவர்கள், நம் மனம் நோகக்கூடாது என்று பார்க்கிறார்கள்.

"திறப்புவிழா வீடியோ எல்லாற்றை வீட்டிலையும் கிடக்கு" என்றார் தலைவர். "இப்ப உடைக்கச் சொன்னால் எங்களுக்கு என்ன மரியாதை? ஊருக்குப் போற பாதை திறக்கட்டும், ஆழமாக் குழாய்க் கிணறு அடிப்பம்."

ஆழமாக அடித்து இறைத்தால் உப்பு இன்னும் விரைவாக ஏறும் என்றேன். "அப்பிடியே தமக்கையின்ரை வாய்" என்றார் பின்வரிசையில் ஒருவர். குழாய்க் கிணறு தீர்மானமாயிற்று. பிறகு றோல்ஸ் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

இங்கே குழாயைத் திறந்தால் ஏரித் தண்ணீர். அதைக் குடித்துக்கொண்டு அங்கே மழையை மண்ணுக்குள் விடாமல் மறித்திருக்கிறோம். நாங்கள் நேசிப்பது ஊரையா, கல்லில் உள்ள பெயரையா?

உடைத்தால் மட்டும் கிணறு திருந்துமா? எத்தனை மாரி வேண்டும்? உன் கொப்பிகளை எல்லாம் புரட்டினேன். பாதி நொர்வேஜிய மொழி, பாதி உன் கிறுக்கல். எங்கேயும் பதில் இல்லை. ஊருக்குப் போகும் தரைப்பாதையைப் பூட்டிவிட்டார்கள். சண்டை திரும்பிவிட்டது. தொலைபேசி எந்த நாளும் அறுந்துபோகலாம்.

நாளை வேலைக்குப் போகுமுன் சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். சங்கம் உடைக்கச் சொல்லிவிட்டது என்று பொய் சொல்வேன். முழுவதையும் கிளறி எடுங்கோ, அடியில் கிடக்கும் வண்டலையும் அள்ளுங்கோ என்பேன். இந்தக் கடிதம் உன் நினைவு மலரில் வரும்; அதை அச்சில் பார்க்கும்போது சங்கத்தாருக்குத் தெரிந்துவிடும். என்னை நீக்கட்டும். அப்பாவோடும் கதைக்காமல் விடுவார்கள். அவரிடம் இன்றே சொல்லிவிடுவேன். அவர்கள் வாசித்து முடிக்கிற நேரம் ஊரில் அலவாங்கு இறங்கியிருக்க வேண்டும். அது ஒன்றுதான் என்னால் உனக்குத் தரக்கூடிய வாக்கு.

உன்னோடு கூடப்பிறந்த
தம்பி