வால்வை மூடும் நாள்

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் அக்கா நினைவு வந்து கடிதம் போட்டிருப்பாயே! போனில் பேசினால் உன் அத்தான், “ஸ்பீக்கர்ல போடு” என்பார். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எரிவாயுக் கிணறு மறுபடி உஸ்ஸென்று இரைகிறது. குழாயைத் திறந்தால் போர் தண்ணீர் சோடா மாதிரி பொங்குகிறது. உன் மருமகள் வாலுவுக்கு ஓயாத தலைவலி. பள்ளிக்கூடத்தில் மேஜைமேல் தலையைச் சாய்த்துவிடுகிறாளாம். நீயோ போன முறை வந்து அளந்து, ‘கசிவு இல்லை’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாய். உன்னைக் கண்டாலே அந்தக் கிணறு சமர்த்தாகிவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நான் உன்னை நம்புகிறேன். ஆனால் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் என் நம்பிக்கை செல்லாது. மீட்டர் காட்டுவதைத்தான் எழுத வேண்டும். பக்கத்து மேஜைக்காரர், “என்ன சார், சோதனையா, அக்கா வீட்டு விருந்தா?” என்று கிண்டல் செய்கிறார்.

பதினெட்டாம் தேதி திடீர்ச் சோதனைக்கு வருகிறேன். கம்பெனிக்குத் தெரியாது. உனக்கு மட்டும் சொல்கிறேன். மதியச் சாப்பாடு உன் கையால்தான். காரத்தைக் கொஞ்சம் குறை.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

வந்தாய், அளந்தாய், சாப்பிட்டாய், போனாய். மீட்டர் அசையவில்லை. அன்று மாலையே இரைச்சல் தொடங்கிவிட்டது.

நேற்று உன் அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆபீசர் மச்சான் வர்றார்னு லீவு கேட்டாலே போதும். உடனே வால்வை மூடிட்டு எல்லாரும் சட்டையை மாத்திக்கிறாங்க. அவ்வளவு மரியாதை!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ வருகிற சந்தோஷத்தில் நான் அவரிடம் சொல்கிறேன். கம்பெனித் தண்ணீர் லாரியை ஓட்டுகிறவர் அதைப் பெருமையாகச் சூப்பர்வைசரிடம் சொல்கிறார். அவருக்குச் சூதுவாது தெரியாது. எனக்கு மட்டும் எங்கே தெரிந்தது!

இனி வந்தால் எங்களிடம் சொல்லாதே. வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதே. கிணறு நின்றால் அவருக்கு வேலை போய்விடும். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

இதைக் கொண்டுவருபவர் என் டிரைவர். படித்ததும் வாலுவோடு அவருடைய ஜீப்பில் ஏறு. அடுப்பைப் பற்ற வைக்காதே, மோட்டார் சுவிட்சைத் தொடாதே. உன் போர் குழாய்ப் பக்கத்தில் வைத்ததும் மீட்டர் அலறுகிறது. போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கிணற்றை நிறுத்தும் வரை நான் இந்தக் கிணற்றடியை விட்டு நகர முடியாது.

வரும்போது நீ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். நீ சொன்னபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அது எனக்குச் சுலபமாக இல்லை, அக்கா. அத்தானிடம் நான் பிறகு பேசுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

டவுனில் ஒரு வாடகை அறையில் இருக்கிறோம். வாலுவுக்குத் தலைவலி விட்டது. குதிக்கிற குதியில் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். அவர் திட்டத் திட்ட எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கிணறு நின்றதும் உன் அத்தானுக்கு வேலை போய்விட்டது. அதற்குக்கூட அவர் அவ்வளவு வருந்தவில்லை. “என் மச்சான் என்னைத் திருடன்னு நினைச்சுட்டான். வாசல் வரைக்கும் வந்தவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல” என்று மாய்ந்து போகிறார். நீ பேச வந்தபோது கதவைத் திறக்காததும் அதனால்தான். இனி நீ அவர் முகத்தில் விழிக்கக் கூடாதாம்.

உன்னைச் சொல்லவிடாமல் தடுத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. சோறு போடும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பிக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்ததும், “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கேட்டுவிடுகிறேன்.

பழியை உன்மேல் போட்டுவிட்டு நான் நல்லவளாக இருக்கிறேன், தம்பி. நான் சொல்லி முடிக்கும் வரை வராதே.

அக்கா