அட்டைக்குள் ஒளித்த தாள்கள்

ஞானராஜ் மாமா,

முதலில் பிரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கோபத்தில் மறந்துவிடுவேன். நீங்கள் பியானோவில் உட்கார்ந்தால் எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் மிக்ஸி ஓடாது. சட்னி பாதியில் நின்றாலும் அம்மா சுவிட்சை அணைத்துவிடுவாள். அந்த வாசிப்பு இனி இல்லை என்பது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. பியானோவில் ஈரம் ஏறி நடுவில் இரண்டு கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. சபைக் கொயரில் பாட்டை நடத்த உங்கள் இடத்தில் யாரும் நிற்பதில்லை. கீபோர்டு வாசிக்கிறவன் தலையை ஆட்டுகிறான், அதைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

லண்டனில் உங்களோடு வேலை செய்தவர்கள் உங்கள் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். பதினேழு வயதில் இங்கிருந்து போனது, பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பிழைத்தது, பிரிட்டிஷ் குடிமகன் ஆனது, ஒரு சின்ன நகரத்து ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் கண்டக்டர் ஆனது, இரண்டு விரல் மரத்துப்போய் மேடையை விட்டு ஊருக்கே திரும்பியது எல்லாம் வருகிறது. கடைசி அத்தியாயம் எங்கள் சபைக் கொயர். அதற்காக, நீங்கள் பென்சிலால் குறிப்பு எழுதிய இசைத்தாள்களை ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லி எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

அந்த அத்தியாயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சபை இதழில் எழுதுகிறேன்.

நீங்கள் வந்த முதல் வருஷம், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஒத்திகை. மைக் வயர் மாட்ட நானும் வந்திருந்தேன். ஐந்து கோடு போட்டு முட்டை முட்டையாக எழுதிய ஸ்டாஃப் நொட்டேஷன் புத்தகத்தை எல்லார் கையிலும் கொடுத்திருந்தீர்கள். இங்கே அம்மாவைத் தவிர யாருக்கும் அது ஓடாது. டோ, ரே, மீ என்று எழுத்தும் புள்ளியுமாக எழுதுகிற சோல்ஃபாவில்தான் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறோம். இது உங்களுக்குத் தெரியாதா?

ஒன்பதாம் பக்கத்தைப் பாடச் சொன்னீர்கள். பேஸ் பாடுகிற ஜவுளிக்கடை அண்ணாச்சி புத்தகத்துக்குள்ளிருந்து அம்மாவின் கையெழுத்தில் வேறொரு தாளை உருவினார். என்ன அது என்று கேட்டீர்கள்.

"எஸ்தரக்கா எழுதித் தந்தது சார். உங்க முட்டைய நாங்க எங்கன படிக்க? அவிச்சுத் தந்தாத்தான் உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. தாள்களைத் தரையில் போடச் சொன்னீர்கள். போட்டார்கள். நாலாவது வரியில் பாட்டு சரிந்து விழுந்தது.

அடுத்த வாரம் தாள்கள் திரும்ப வந்தன. நீங்களே அனுமதித்தீர்கள், ஒரு நிபந்தனையோடு. வெளியாட்கள் வரும்போது அவை புத்தக அட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதன் பிறகு மூன்று வருஷம், தினமும் மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அம்மா உட்கார்ந்து எழுதினாள். பேஸ், ஆல்டோ என்று நாலு குரலும், ஒரு புள்ளி பிசகாமல். ஜெராக்ஸ் எடுத்து வந்தது நான். எங்கேயும் அவள் பேர் கிடையாது. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு நட்டை மாற்றினாலும் மெஷின் ரூமில் தொங்குகிற அட்டையில் யார் மாற்றினது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பிறகு இங்கிலாந்திலிருந்து கேமராவோடு வந்தார்கள். நாலு மாதத்தில் இவர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்றுக்கொடுத்தேன் என்று அந்தப் படத்தில் சொன்னீர்கள். சோல்ஃபா எனக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னீர்கள். நானும் அம்மாவும் என் போனில் சேர்ந்துதான் பார்த்தோம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் முந்தானையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பெரிய ஆட்கள்கிட்ட பேசுதாவ, அப்படித்தான் சொல்லணும்" என்றாள்.

போன சனிக்கிழமை ஸ்கேன் எடுக்க உங்கள் பெட்டியைத் திறந்தேன். உங்கள் சொந்தப் புத்தகங்களில் ஒரு பென்சில் கீறல்கூட இல்லை மாமா. கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தன. ஒவ்வொரு அட்டைக்குள்ளும் அம்மா மையால் எழுதிய முதல் பிரதி இருந்தது. குறிப்புகள் எல்லாம் அதில்தான். 'இங்கே மூச்சு.' 'ஆல்டோ பைய.' உங்கள் கையெழுத்து, தமிழில். ஓரிடத்தில் அம்மா தப்பாக எழுதிய ஒரு சுரத்தைத் திருத்தியும் இருக்கிறீர்கள்.

அம்மாவிடம் காட்டினேன். "எனக்கு எட்டு வயசுல சோல்ஃபா சொல்லித் தந்ததே அண்ணன்தான் லே" என்றாள், சாதாரணமாக.

அப்படியென்றால் இத்தனை வருஷமும் யாருக்குப் பயந்தீர்கள்? வெள்ளைக்காரனுக்கா, ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கா?

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால், மேசையில் உங்கள் வெறும் புத்தகம் விரிந்து கிடக்கிறது. பக்கத்தில் அம்மாவின் தாள். அவள் பென்சிலை வைத்துக்கொண்டு, உங்கள் எழுத்து மாதிரியே 'இங்கே மூச்சு' என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பக்கம் முடித்திருந்தாள்.

பென்சிலைப் பிடுங்கினேன்.

"போன மனுசனைக் கொறைச்சு என்னலே ஆவப்போவுது?"

"அவர் போயிட்டாரும்மா. நீ இருக்கியே."

எழுதின இரண்டு பக்கத்தையும் அவளே ரப்பர் வைத்து அழித்தாள். சரி என்ற அர்த்தத்திலா, என் சத்தத்துக்குப் பயந்தா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாமா, உங்களைப் பற்றி ஒரு பொய்யும் சேர்க்க மாட்டேன். ஆனால் அம்மாவின் தாள்களைத்தான் அனுப்புவேன், உங்கள் பென்சிலோடு. எழுதியவர் யார் என்று ஒவ்வொன்றின் அடியிலும் தட்டச்சு செய்து அனுப்புவேன். அந்த வரியை வெட்டினால் ஒரு தாளும் கிடையாது என்று இன்று காலையே அவர்களுக்கு எழுதிவிட்டேன். இந்த விஷயத்தில் நான் கொடுக்கிற வாக்கு உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

இப்படிக்கு,
எஸ்தர் செல்வராணியின் மகன்,
உங்கள் மருமகன் டேனியல்