துறை வரைக்கும்தான் பை

ஜூலை 3, செவ்வாய்

விடியலிலிருந்தே கச்சான், தென்மேற்குக் காற்று. முற்றம் முழுக்க மணல். மகள் றிஸ்னாவின் வலக்கையில் மாவுக்கட்டு. போன கிழமை கிணற்றடியில் வழுக்கி விழுந்தது. வியாழன் பேத்தி ஹனாவுக்குத் தடுப்பூசி, கற்பிட்டி கிளினிக்கில். மூன்று மாதக் குழந்தை. மருமகன் கட்டாரில். ஆகவே இந்தத் தீவிலிருந்து படகில் தூக்கிப் போக வேண்டியவன் நான். தேநீர்க் கோப்பையை எடுத்தாலே தட்டில் சத்தம் போடும் கைகள் என்னுடையவை.

மருமகன் அனுப்பிய பேபி கேரியர் அலுமாரியில் கிடந்தது. துணிப் பை, பட்டிகள், கிளிப்புகள். எத்தனையோ விதமாகக் கட்டலாமெனப் படங்கள். படத்திலிருப்பவன் சிரிக்கிறான். முதலில் அரிசிப் பையைக் கட்டிப் பார்த்தேன். நழுவியது.

“அரிசிக்கு மூச்சு முட்டாது வாப்பா. மிஸ்ஸி வரட்டும்.” மகள்.

ஜூலை 4, புதன்

காற்று குறையவில்லை. மருத்துவிச்சி மிஸ்ஸி வந்தார். குழந்தை வெளியே பார்க்கட்டுமென்று முகத்தை முன்பக்கம் வைத்துக் கட்டியிருந்தேன். பெருமையோடு காட்டினேன்.

“கழுத்து நிக்காத பிள்ளைய இப்படியா கட்டுற மாஸ்டர்? தபால் பை இல்லையே இது.”

ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு இது வேண்டும். அவர் சொன்னவை:

– இப்போதைக்கு நெஞ்சோடு நெஞ்சு, நிமிர்ந்த நிலை. முகம் எப்போதும் என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிட முடிய வேண்டும்.
– பிள்ளையின் நாடி, அதாவது மோவாய், அதன் நெஞ்சில் படியக் கூடாது. கீழே இரண்டு விரல் இடம்.
– முழங்கால் புட்டத்தைவிட உயரத்தில், தவளைபோல. துணி ஒரு முழங்காலிலிருந்து மற்றதுவரை.
– வெளியே பார்ப்பது கழுத்து நன்றாக நின்றபின், அதுவும் கொஞ்ச நேரம். தூங்கினால் திருப்ப வேண்டும்.
– இடுப்பில், முதுகில்: தானாக உட்காரத் தொடங்கியபின்.
– பைக்குள் படுக்கவைத்து நடக்கக் கூடாது. பையில் வைத்தே பால் கொடுத்தால், முடிந்ததும் நிமிர்த்த வேண்டும்.
– அடுப்படிப் பக்கம் போகக் கூடாது.

படகில் எப்படி என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழக்கம்போல் கேட்கப் பிந்தியவன் நான்.

மாலை, துறையில் படகுக்கார அன்சாரிடம் கேட்டேன்.

“பையோட இறுக்கிக் கட்டிட்டு ஏறுங்க மாஸ்டர். ரெண்டு கையும் சும்மா இரிக்கும், படகப் புடிச்சிக்கலாம்.”

நியாயமாகத்தான் பட்டது. ஒரு மிதவை அங்கியை இரவல் வாங்கி வந்து, மறுபடி அரிசிப் பையோடு பார்த்தேன். அங்கியை மேலே போட்டால் குழந்தையின் முகம் மூடும். உள்ளே போட்டால் பையைப் பூட்ட முடியவில்லை. போடாவிட்டால், படகு கவிழ்ந்து நான் எங்கே போவேனோ அங்கே அவளும். தண்ணீருக்குள் கிளிப்பைத் தேடும் இந்த விரல்கள்.

முடிவு: துறை வரைக்கும் பை. படகில் கையில். முதல் படகு; அலை இருந்தால் போவதில்லை, ஊசி பிந்தட்டும்.

“உங்கட கை நடுங்குமே வாப்பா. பையில இருந்தா விழாதுதானே.”

“படகுல கட்ட மாட்டன்.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கையை நம்பச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை.

ஜூலை 5, வியாழன்

சுபஹுத் தொழுகைக்குப் பின் காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் தகடுபோல. ஹனாவைக் கட்டிக்கொண்டு நடந்தேன், றிஸ்னா பக்கத்தில். நெஞ்சில் சூடு. அடிக்கடி மூக்கைப் பார்த்தேன், நாடியின் கீழ் விரல் வைத்தேன். வலை உலர்த்துகிறவர்களின் சிரிப்பு: “மாஸ்டர் இந்த வயசுல பிள்ளத்தாச்சி.” யுத்த காலமென்றால் கடற்படைக்காரர் சோதனைக்காக இந்தப் பையை அவிழ்க்கச் சொல்லியிருப்பார்கள். இன்று துறையில் நானே அவிழ்த்தேன்.

“விட்டா புடிக்க ஏலாது மாஸ்டர். யோசிச்சிக்கங்க.” அன்சார்.

“யோசிச்சாச்சி.”

அங்கியை மாட்டிக்கொண்டு, படகின் நடுவில், பலகையில் அல்ல, அடித்தட்டில் உட்கார்ந்தேன். ஒரு கை கழுத்துக்கு, மற்றது இடுப்பைச் சுற்றி. றிஸ்னா நல்ல கையால் என் தோளைப் பிடித்திருந்தாள். பாதி வழியில் பெரிய படகொன்று கடந்தது. அதன் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. கை நடுங்கியது. பிடி விடவில்லை. ஹனா என் சாரத்தை நனைத்தாள், அவ்வளவுதான்.

ஊசி ஆயிற்று. அழுதாள், பால் குடித்தாள். திரும்பும்போது றிஸ்னாவே ஒற்றைக் கையால் எனக்குக் கிளிப் போட்டாள். “துறை வரைக்கும்தானே வாப்பா” என்றாள்.

கற்பிட்டித் துறையில், சால்வையால் குழந்தையை மார்போடு கட்டியபடி ஓர் இளம் தாய் படகில் கால் வைத்தாள். நான் என் பையை அவிழ்த்துக் காட்டத் தொடங்கினேன். அதற்குள் அன்சார்:

“அவுத்துக் கையில எடுத்துக்க தங்கச்சி. மாஸ்டர் ஏசுவாரு.”

நான் யாரையும் ஏசியதில்லை. ஏசுகிறவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு, அவள் அவிழ்க்கும்வரை நின்றேன்.