வண்டியோட வலது

19.01.2025, ஞாயிறு

பொங்கல் லீவு இன்றோடு முடிகிறது. உடைந்த மிக்ஸியைப் போட சுங்குவார்சத்திரம் வேல்ராஜின் பழைய சாமான் கடைக்குப் போனேன். மகள் கவிப்பிரியாவும் வந்தாள். எடை போடுவதற்குள் ஒரு மூட்டையில் கைவிட்டு ரோபோ ஒன்றை இழுத்து வெளியே எடுத்துவிட்டாள். ஒரு முழ உயரம், ஒற்றைக் கண். ரிமோட் இல்லை. ரிமோட்டில் ஓடுகிற பொம்மைக்கு ரிமோட்டே இல்லையே என்று சொல்லிப் பார்த்தேன்.

"நீ காரே செய்றப்பா. இத செய்ய மாட்டியா?"

நான் எங்கே கார் செய்தேன்? ஒரகடம் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வலதுபக்க ஹெட்லைட் மாட்டுகிறேன். இடதுபக்கம் மாட்டுவது ஜீவானந்தம். நாலாவது படிக்கிற பிள்ளையிடம் இதை எப்படி விளக்குவது? வாங்கிவிட்டேன்.

20.01

ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரிகல் பேப்பரில் இரண்டு தடவை ஃபெயிலானவன் இன்று ரோபோவைப் பிரித்தேன். முதுகில் ஒன்பது ஸ்க்ரூ. எது எங்கே இருந்தது என்று மறக்கக் கூடாதே, கம்பெனி லைனில் பழகின புத்தி, வரிசையாக ஒரு இட்லித் தட்டின் குழிகளில் வைத்தேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன், மனைவி லீலா மாவை எடுத்துக்கொண்டு வரும்வரை.

23.01

பேட்டரி கசிந்து உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. எலுமிச்சம்பழமும் பழைய பல் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தேன். பழையது என்று நான் நினைத்தது லீலாவுடையது. "யோவ், ரோபோவுக்குப் பல்லு வெளக்கிக்கினு கீறியே, வூட்டுல மனுசங்க இருக்கோமா இல்லியா?"

27.01

ஸ்கூலிலிருந்து கவி வாடிப்போய் வந்தாள். பிப்ரவரி ஏழாம் தேதி கண்காட்சி. 'எங்க அப்பா செய்த ரோபோ' என்று மரகதம் மிஸ்ஸிடம் பேர் கொடுத்திருக்கிறாள். கூடப் படிக்கிற ரஞ்சனியின் அப்பா எங்கள் கம்பெனியில் இன்ஜினியர். "உங்கப்பா ஒண்ணும் காரு செய்யல. லைட்டுதான் மாட்றாரு" என்றாளாம் ரஞ்சனி.

"நெஜமாப்பா?"

நெஜம்தான் என்றேன். வேறென்ன சொல்ல? பையை மாட்டிவிட்டு உள்ளே போனாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

இனிமேல் இது ஓடியே ஆகணும். ஓடலைன்னா? ரஞ்சனி சொன்னதுதான் நான். அவ்ளோதான்.

30.01

ரோட்டோரக் கடையில் ஒரு பொம்மைக் கார் வாங்கி, அதன் ரிமோட்டையும் போர்டையும் பிடுங்கி ரோபோவுக்குள் வைத்தேன். ஈயப்பற்று வைத்தேன். மாடி ரூமில் குடியிருக்கும் இசக்கிசெல்வி வந்து பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், செல்போன் கம்பெனியில் போர்டு ரிப்பேர் செய்கிறாள். போர்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னண்ணே, ஈயத்தக் கஞ்சி மாதிரி ஊத்தி வச்சிருக்கிய?"

எப்படி வைப்பதென்று ஒரே ஒரு பற்று வைத்துக் காட்டினாள். மற்றதை நான்தான் வைத்தேன். ஏழாவது கொஞ்சம் பளபளப்பாக வந்தது.

02.02, ஞாயிறு

ஓடுது. ஓடுது.

பழைய பேட்டரிக்குப் பதில் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரி. காணாமல் போனது ஒரு கண்தான், ஆனால் இரண்டுக்குமே புது எல்.இ.டி. போட்டேன். எனக்குத் தெரிந்தது லைட்டுதானே. வாழ்க்கையில் முதல்முறையாக இடதுபக்கமும் நானே மாட்டினேன்.

வீடு பத்துக்குப் பத்து. சுவரோரம் என்னைப் பார்த்து நிற்க வைத்து வலது பட்டனை அழுத்தினேன், என் வலதுகைப் பக்கம் திரும்பியது. இடது, இடதுகைப் பக்கம். ஓகே. லைனில் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம், பார்த்தாச்சு, சரி என்று அர்த்தம். ஒன்பது ஸ்க்ரூவிலும் கோடு போட்டேன். அது என்ன கோடு என்று கவி கேட்டாள். சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லியிருப்பேன்.

04.02

தினமும் தெருவில் ஓட்டிப் பழகுகிறாள். என்னை வர வேண்டாம் என்கிறாள். "நீ பாத்தா பயமா கீதுப்பா."

07.02, வெள்ளி

லீவு போட்டுவிட்டுக் கண்காட்சிக்குப் போனேன்.

கவி நாலு தண்ணீர் பாட்டிலை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்தாள். ஒரு பாட்டிலும் சாயவில்லை. மரகதம் மிஸ் கை தட்டினார். எனக்கு நெஞ்சு சட்டை பட்டனுக்குள் அடங்கவில்லை.

அப்புறம் ரஞ்சனி ரிமோட்டை வாங்கினாள். ரோபோவுக்குப் பின்னால் நின்று வலது அழுத்தினாள். ரோபோ இடது பக்கம் போய்ப் பக்கத்து மேசைக் காலில் முட்டியது. மேலே இருந்த தெர்மாகோல் சனிக்கிரகம் கீழே விழுந்தது.

"மிஸ், இது தப்பா போவுது."

அந்த நொடியே புரிந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம்: வலதுன்னா வண்டியோட வலது, எதிர்ல நிக்கிற உன்னோட வலது இல்ல. பன்னிரண்டு வருடம். அதுவும் வலது லைட்டு. ரோபோவை எதிரில் நிற்க வைத்து என் வலதைப் பார்த்து வயர் கொடுத்திருக்கிறேன்.

கவி ரிமோட்டை வாங்கிக்கொண்டாள். "தப்பா ஒண்ணும் போவல. எங்கப்பா செஞ்சது அப்டிதான் ஓடும்."

வரும்போது வண்டியில் கேட்டேன். எப்போதிலிருந்து தெரியும்?

"மொத நாளே."

"ஏன்டி சொல்லல?"

"நீதான் கோடு போட்டுட்டியே."

பிள்ளைப்பாக்கம் தாண்டும்போது காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஹெல்மெட் கண்ணாடி திறந்திருந்தது, அதனால்தான்.

09.02, ஞாயிறு

முதுகைத் திறந்தேன். இரண்டு மோட்டார் வயரை இடம் மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை.

"மாத்தாதப்பா. இப்பதான் பழகிக்கினேன்."

மாறியிருக்கிற வயர் இரண்டின் மேலும் ஒவ்வொரு மஞ்சள் கோடு போட்டு மூடினேன்.

சாயந்திரம் ரஞ்சனி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். நான் உள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கவி சொல்வது கேட்டது:

"எங்கப்பா காரு செய்யல. லைட்டு மாட்றாரு. ரோபோதான் செய்வாரு."