நீல பாட்டில் சங்கம்

டிசம்பர் 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மோட்டார் ரிப்பேர், ஆள் வரவில்லை. ஸ்வெட்டரில் அந்துருண்டை நாற்றம்.

மாடியில் குடிவந்த பிரெஞ்சுக்காரர் பாஸ்கல் (இனி பா.) விடிந்ததும் விடியாததுமாக எங்கள் கேட் முன்னால் குந்தி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். எதை? அதில் தொங்கும் நீல பாட்டிலை. ரகசியச் சங்கம், மறைஞானம், உலகத்தை ஒளிந்திருந்து ஆட்டிவைக்கும் சதிகாரர்கள் என்று பாரிசில் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளியவர். அடுத்த புத்தகத்துக்கு லிங்கராஜபுரம் வந்து மாட்டியிருக்கிறார்.

"தெரு முழுக்க இந்த நீல அடையாளம். எந்தச் சங்கம்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நாய் சங்கம் என்றேன். சொட்டு நீலம் கலந்த தண்ணீரைக் கண்டால் நாய் கேட்டில் காலைத் தூக்காது. பெங்களூரில் குழந்தைக்கும் தெரியும்.

"வெளியாளுக்குச் சொல்ல எல்லாச் சங்கத்திலும் இப்படி ஒரு காரணம் வைத்திருப்பார்கள்." எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தெருநாய் ஒன்று வந்து பாட்டிலுக்கு நேர் கீழே காலைத் தூக்கியது. அதையும் எழுதிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் நெருங்கிவிட்டது. பாட்டுக் குழு மாஸ்டர் ஜான்சனுக்கு போன். "இந்த வருஷம் பிராக்டீஸே இல்ல அண்ணே. பழைய பாட்டுதானே, சும்னே எதுக்கு அலையணும்?" என்றார். சரிதான். நட்சத்திரப் பாட்டில் இரண்டாம் சரணம் எனக்கு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே என் சோலோ. வருஷம் முழுக்க நான் வெறும் ரிட்டயர்டு ஆள். அந்தச் சில நாள்தான் என் குரலுக்கு வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். எனக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

சாயந்திரம் வாக்கிங். என் வீட்டுக்காரி கிரேஸ் ஒரு நாளும் போகாமல் இருக்க விடுவதில்லை. "சுகருக்கு நல்லதுங்க. அவசரமே வேணாம், மெதுவா வாங்க." கட்டிய நாளிலிருந்து என் உடம்பு மேல் இவ்வளவு அக்கறை இப்போதுதான்.

டிசம்பர் 4, வியாழன்

வெயில். வாங்க: ரவை, சொட்டு நீலம், டீத்தூள் (மறுபடியுமா?).

குப்பை ஆட்டோக்காரரோடு வாய்த்தகராறு. ஈரக் குப்பையில் பேப்பர் கப். "டெய்லி ஃபங்க்ஷனா சார் உங்க வீட்ல? ஸ்வல்ப பிரிச்சுப் போடுங்க." இருப்பதே இரண்டு பேர், கப் ஏது என்று கத்தினேன். கிரேஸ் உள்ளிருந்து, "மாடிக்காரரோடதா இருக்கும்ங்க."

அந்த மாடிக்காரர் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுத் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். மற்ற வீட்டு பாட்டில்கள் நகர்வதில்லை, எங்களுடையது நகர்கிறதாம். நான் வீட்டில் இருந்தால் கேட்டின் இடப்பக்கம். நான் வாக்கிங் கிளம்பியதும் வலப்பக்கம். உடனே ஆட்கள் ஒவ்வொருவராக, சத்தமில்லாமல், கறுப்பு அட்டைப் புத்தகத்தோடு எங்கள் வீட்டுக்குள் போகிறார்களாம். பிறகு ஏதோ மந்திரம் போல முணுமுணுப்பு.

"தலைவி உங்கள் மனைவியா?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல் ஏறுகிறவள், தலைவியாம்! ஆனால் அந்தக் கறுப்பு அட்டை எங்கேயோ குத்தியது. எங்கள் பாட்டுப் புத்தகத்துக்கும் கறுப்பு அட்டைதான்.

டிசம்பர் 5, வெள்ளி

தூக்கமில்லை. இட்லி கல் மாதிரி.

வாக்கிங் கிளம்பி, முனை பேக்கரி வரை போய்த் திரும்பிவிட்டேன். பாட்டில் வலப்பக்கம். என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே, செம்பருத்திக்குப் பின்னால், நானே திருடன் போல.

நட்சத்திரப் பாட்டு. இரண்டாம் சரணத்தை எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சர் பாடினார். நன்றாக இருந்தது. அதுதான் தாங்கவில்லை, ரொம்ப நன்றாக இருந்தது.

ஜான்சன்: "அண்ணன்கிட்ட எப்பக்கா சொல்றது?"

கிரேஸ்: "போன வருஷம் அவர் பாடுறப்ப பாஸ்டர் வீட்டு நாய் ஊளை விட்டுச்சு. நாம எல்லாம் சிரிச்சோம். அவரு, நாயும் கூடச் சேர்ந்து பாடுதுன்னு சந்தோஷப்பட்டாரு. அந்த மனுஷன்கிட்ட எப்படித் தம்பி சொல்லுவேன்?"

அழுதேன். எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள். செம்பருத்தியில் எறும்பு வேறு.

டிசம்பர் 6, சனி

மேகமூட்டம். கிரேஸோடு பேச்சு இல்லை. உப்புமாவுக்கு உப்பு கேட்டதோடு சரி.

சாயந்திரம் முட்டி வலி, வாக்கிங் இல்லை என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. அவள் அடுப்படிக்குப் போனதும் நானே போய் பாட்டிலை வலப்பக்கம் மாட்டிவிட்டு, ஹாலில் கதவைப் பார்த்து உட்கார்ந்தேன்.

முதலில் ஸ்டெல்லா டீச்சர். என்னைக் கண்டதும் புத்தகம் முந்தானைக்குள் போனது. "அண்ணே... உறை மோர் வாங்கலாம்னு." அடுத்து ஜான்சன், அவரும் உறை மோருக்கு. பின்னாலேயே தபேலாவைத் தூக்கிக்கொண்டு ஒருவர். தபேலாவில் யாரும் உறை மோர் வாங்குவதில்லை.

கிரேஸ் கரண்டியோடு வந்து அப்படியே நின்றாள்.

"பாடுங்க. நேத்து கேட்டேன், நல்லா இருக்கு" என்றேன். அதைச் சொல்லும்போதும் சுருதி விலகியது.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்கு ஆள் கிடைக்கலங்க. முகமூடி போட்டு ஆடணும், பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுக்கணும்."

"பாட வேணாமா?"

"முகமூடில வாய்க்கு ஓட்டை இல்லீங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், அவளே கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. கோபம் மட்டும் போகவில்லை. சரி என்றேன்.

டிசம்பர் 20, சனி

நல்ல குளிர். தாத்தா உடைக்குள் வேர்வை. பஞ்சுத் தாடி, கழுத்தெல்லாம் அரிப்பு. முட்டி நிஜமாகவே வலி.

ஆடினேன். தெருப் பிள்ளைகள் அத்தனையும் என் பின்னால். இரண்டாம் சரணம் வந்தபோது முகமூடிக்குள் நானும் பாடினேன், எனக்கு மட்டும். பாஸ்டர் வீட்டு நாய் வாலை ஆட்டியது.

பா. கூடவே வந்தார். எல்லாம் முடிந்ததும் என்னை ஒதுக்குப்புறமாக இழுத்து மெல்லக் கேட்டார்: "எல்லாரும் பாடுகிறார்கள், முகமூடி போட்டவர் மட்டும் பேசுவதே இல்லை. ஆனால் எல்லாக் கதவும் அவருக்குத்தான் திறக்கிறது. நான் தப்பாக நினைத்துவிட்டேன். தலைவர் உங்கள் மனைவி இல்லை, நீங்கள்தானே?"

மறுக்கவில்லை. அவர் கையில் ஒரு மிட்டாயை வைத்து, வெளியே சொல்லிவிடாதே என்று முகமூடி மேல் விரலை வைத்துக் காட்டினேன்.