எத்தனை பேருக்குச் சுடுதண்ணீர்?

இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாளும் நான் பேர் சொல்லிக் கூப்பிடாத என் மச்சானுக்கு,

ஸலாம். நீங்கள் மௌத்தாகி இரண்டு வருஷம் முடிந்து, இது மூன்றாவது கச்சான் காற்றுக் காலம். குறிஞ்சிப்பிட்டி மணல் முழுக்க நம் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பின்னேரமானால் களப்புப் பக்கம் வெளிச்சம் மங்கி, எது தண்ணீர் எது வானம் என்று தெரிவதில்லை. அந்த நேரத்தில்தான் உங்களோடு அதிகம் கதைக்கிறேன். கேட்கிறதா?

போன மாதம் லுஹர் தொழுதுவிட்டுப் பாயிலேயே கண் அயர்ந்துவிட்டேன். கூரையில் நீங்கள் நடக்கிற சத்தம் கேட்டது. “ஓடு உடையப் போகுது, இறங்குங்க” என்று பாதித் தூக்கத்தில் ஏசினேன். ஏசிய சத்தம் எனக்கே கேட்டு விழித்துக்கொண்டேன். மேலே சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். நீங்கள் ஏற்றி வைத்த சோலார் தண்ணீர்த் தாங்கி அடியில் துருப்பிடித்து ஓட்டையாகி, சுடுதண்ணீர் ஓட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தால் வழிந்ததைக் கையில் ஏந்தினேன், வெதுவெதுப்பாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. வேறென்ன செய்ய? நம் கிணற்றின் உவர்த் தண்ணீருக்கு இந்த மலிவுத் தாங்கி தாங்காது என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டீர்களா? உங்கள் பிடிவாதம் உங்களுக்கு.

பிடிவாதம் என்றால் இன்னொன்றும் இருக்கிறதே. அதைப் பூட்டிய ஆட்களோடு மல்லுக்கட்டி, மேற்கே பார்க்கத் திருப்பி வைத்தீர்கள். தொழுகிற மாதிரி நல்ல காரியம் எல்லாம் கிப்லாவைப் பார்த்து இருக்கட்டும் என்றீர்கள். ஊரே சிரித்தது. காலையில் திறந்தால் பேருக்கு ஒரு சூடு, அஸர் தாண்டினால் கை வைக்க ஏலாது. யாராவது கேட்டால், எங்கள் வீட்டுச் சுடுதண்ணீர் பின்னேரம்தான் எழும்பும் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

இந்தப் புழுக்கத்தில் சுடுதண்ணீர் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். மாமிக்கு, மச்சான். உங்கள் உம்மாவுக்குப் போன வருஷம் பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்துவிட்டது. காலையில் சுடுதண்ணீரில் குளிக்க வார்த்து, அந்தச் சூடு ஆறமுன் கையை மடக்கி நீட்டப் பழக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, மூன்று விரல் அசையத் தொடங்கியிருந்தது.

தாங்கி போனபின் குசினியில் பெரிய சட்டி வைத்துக் காய்ச்சி, தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாள் கை தவறி என் பாதத்திலேயே ஊற்றிக்கொண்டேன். அந்தக் கதை உங்கள் தங்கச்சி ரிஹானாவின் காதுக்குப் போய்விட்டது. கொழும்பிலிருந்து போன் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் உம்மாதானே. ஆனால் அவள் சொன்னது அன்றிலிருந்து நெஞ்சிலேயே நிற்கிறது.

“அது ஒங்கட சீதன வீடு. காக்கா இல்லாத வீட்டுல உம்மா என்னத்துக்கு? அடுத்த மாசம் வந்து கூட்டிக்கொண்டு போறன்.”

அவளுடைய காக்காவாகிய நீங்கள் இப்போது இல்லைதான். சீதன வீடு என்பதும் உண்மைதானே. நமக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் மாமி அதன் உம்மம்மா... இல்லை, வாப்பாவைப் பெற்றவர், வாப்பும்மா. பாருங்கள், பழகாத சொல் வாயில் எப்படித் தடுக்கிறது. எனக்கும் மாமிக்கும் நடுவில் இருந்தது நீங்கள் ஒருவர்தான். நீங்களும் போனபின் அவரை நான் எந்த உரிமையில் பிடித்து வைப்பது? அவர் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாருக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவேன்?

போனில் கதைத்தது மாமியின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். அடுத்த நாள் குளியலறைக்குள் வாளிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், ஒரு கையால் பச்சைத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார், உதடு நடுங்குகிறது. பச்சைத் தண்ணீர்தான் தனக்கு நல்லம் என்றார். எனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் துவாயை எடுத்து அவர் தலையை முரட்டுத்தனமாகவே துடைத்துவிட்டேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

சிலாபத்திலிருந்து குழாய் வேலை செய்கிற ஒரு பாஸை வரச் சொன்னேன். சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார். கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, இதை வைத்தவர் வீட்டில் பின்னேரம் குளிக்கிற ஆள் இருந்ததா என்று கேட்டார். கிப்லாக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துத் தலையை ஆட்டினார். மேற்கே பார்த்தால் பின்னேரம்தான் சூடு, தெரிந்துதான் வைத்திருக்கிறது என்றார்.

நீங்கள் தோட்டத்தால் வந்து கிணற்றடியில்தானே குளிப்பீர்கள். நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, பின்னேரம் சுடுதண்ணீருக்குப் போனது நான். மச்சான், தெரிந்துதான் வைத்தீர்களா? ஊர் சிரித்தபோதும் ஒரு சொல் சொல்லவில்லையே.

பாஸ் ஒவ்வொன்றாக விளக்கினார். கேஸ் வேண்டாம் என்றேன், சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தை இந்தக் கால்கள் மறக்கவில்லை. கரண்ட்டில் காய்கிற தாங்கி என்றால் மாதாமாதம் பில்லைப் பார்த்து நான் கொதிப்பேன். திரும்பவும் சோலார்தான், ஆனால் உள்ளே கண்ணாடிப் பூச்சுப் போட்ட தாங்கி. அதற்குள் ஒரு கம்பி தொங்குகிறது. தண்ணீரில் உள்ள உப்பு, தாங்கியை விட்டுவிட்டு அந்தக் கம்பியைத்தான் முதலில் தின்னுமாம். அதைக் கேட்டதும் உங்கள் நினைவு வந்தது, ஏனென்று கேட்காதீர்கள்.

கடைசியாகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். எத்தனை பேர் குளிக்கிற வீடு? ஓராள் என்றால் இதெல்லாம் தேவையில்லை, குழாயில் பூட்டுகிற சின்னச் சுடுதண்ணீர்ப் பெட்டியே காணும். கூட என்றால்தான் தாங்கி.

மாமியின் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. ஒன்று என்று சொன்னால் நானே அவரை அனுப்பிவிட்ட மாதிரி. இரண்டு என்று சொல்லி, அவருக்கே இங்கே இருக்க மனமில்லையென்றால்? காற்று ஒருதரம் வீடு முழுக்க நடந்து திரும்பிப் போனது. “ரெண்டு பேர்” என்றேன்.

அறைக்குள் ஊன்றுகோல் தட்டியது. மாமி வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். பாஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“மூணு எண்டு சொல்லு மகள். ரிஹானா வந்து போகக்குள்ள அவளுக்கும் குளிக்க வேணுமே.”

வந்து போகக்குள்ள என்றார், மச்சான். பெற்ற மகளை விருந்தாளியாக்கிவிட்டார். நான் குசினிக்குள் ஓடிப்போய்ப் பானையைக் கழுவுகிற சாட்டில் நன்றாக அழுதேன்.

மூன்று பேருக்கான தாங்கிதான் வந்தது. மாமி விடியக் குளிக்கிறவர் என்பதால், இரவு முழுக்கச் சூட்டைப் பிடித்து வைக்கிறதாகப் பார்த்து எடுத்து, தெற்கே திருப்பி வைத்தோம். உங்களைக் கேட்கவில்லை, மாப்புத் தாருங்கள். ரிஹானா வந்தாள், அரை மணித்தியாலம் குளித்தாள், மற்றவர்களுக்கும் தண்ணீர் வேண்டும் என்று உம்மாவிடம் ஏச்சு வாங்கினாள். அடுத்த நாள் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள்.

இன்று காலை நாலாவது விரலும் அசைந்தது. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். என் கையில் பலமிருக்கும் வரை, உங்கள் உம்மாவின் முதுகில் பச்சைத் தண்ணீர் படாது.

உங்கள் உம்மாவின் மருமகள்,
நஸீரா